குடும்பத்துடன் சிறை சென்றவர்

எங்கள் தெருவில் ஒரு மாடி வீடு காலியாக இருக்கிறது. அதன் சொந்தக்காரர் சென்ற மாதம் என்னைத் தேடி வந்தார். நாற்காலியின் நுனியில் உட்கார்ந்துகொண்டு கேட்டார்.

"சார், ஒரு பையன் வாடகைக்குக் கேக்குறான். நல்ல மாதிரியாத்தான் தெரியுறான். ஆனா அவன ஒரு தடவ அரெஸ்ட் பண்ணியிருக்காங்களாம். குடுக்கலாமா?"

"குற்றப்பத்திரிகை போட்டாங்களா?"

"அதெல்லாம் தெரியாது சார். அரெஸ்ட்டுன்னா அரெஸ்ட்டுதான? அப்புறம் இன்னா பத்திரிகை?"

இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லத்தான் அரசாங்கம் எனக்கு முப்பது வருடங்களுக்கு மேல் சம்பளம் கொடுத்தது. இப்போது ஓய்வூதியமும் கொடுக்கிறது. ஆனாலும் அவருக்கு இரண்டு வரியில் சொல்ல முடியவில்லை. சொல்லத் தொடங்கினால் ஏழுமலையும் அவர் மகளும் நடுவில் வந்துவிடுகிறார்கள்.

நான் எம்.ஏ. வரலாறு படித்தவன். ஏதாவது ஒரு கல்லூரியில் செஞ்சிக் கோட்டையைப் பற்றிப் பாடம் நடத்தியிருக்க வேண்டியவன். காவலர் தேர்வு முந்திக்கொண்டதால், கோட்டையில் பாட்டில் உடைப்பவர்களைப் பிடிக்கப் போனேன். பயிற்சியில் ஓடவும், சல்யூட் அடிக்கவும், கேள்வி கேட்காமல் இருக்கவும் கற்றுக்கொடுத்தார்கள். சட்டமும் சொல்லிக்கொடுத்தார்கள், அது காலையில் ஓடிவிட்டு வந்து தூங்குகிற வகுப்பு. எம்.ஏ. படித்தவன் பிழையில்லாமல் எழுதுகிறான் என்பதைக் கண்டுபிடித்த ஒரு இன்ஸ்பெக்டர் என்னை ரைட்டர் நாற்காலியில் உட்காரவைத்தார். நிலையத்தின் எழுத்து வேலை முழுவதையும் பார்ப்பவர்தான் ரைட்டர். அதற்குப் பிறகு மாற்றலாகிப் போன ஊரிலெல்லாம் அதே நாற்காலிதான் எனக்காகக் காத்திருந்தது.

ஒருவரைக் கைது செய்ய ஒரு போலீஸ்காரருக்கு நியாயமான சந்தேகம் இருந்தால் போதும். ஏன் பிடிக்கிறோம் என்று அவரிடம் சொல்ல வேண்டும். கைதுக் குறிப்பு எழுதி, சாட்சிக் கையெழுத்தும் அவர் கையெழுத்தும் வாங்க வேண்டும். வீட்டுக்குத் தகவல் சொல்ல வேண்டும். டாக்டரிடம் காட்ட வேண்டும். இத்தனை செய்தாலும் அவர் குற்றவாளி என்று யாரும் சொல்லவில்லை. சந்தேகம் இருக்கிறது என்று மட்டுமே சொல்லியிருக்கிறோம். பிறகு விசாரித்து, சாட்சியும் ஆதாரமும் கிடைத்தால் குற்றப்பத்திரிகை தயாரித்து நீதிமன்றத்தில் கொடுப்போம். நீதிபதி அதைப் படித்துக் கோப்பில் எடுத்து, 'எதிரி' என்று நாங்கள் எழுதிய ஆளைக் கூப்பிட்டு, உன் மேல் இன்ன குற்றச்சாட்டு, ஒப்புக்கொள்கிறாயா என்று கேட்பார். அந்த இடத்தில்தான் ஒருவர் குற்றம் சாட்டப்பட்டவர் ஆகிறார். அதற்குப் பிறகும் குற்றவாளி இல்லை. இந்தத் தூரத்தை எத்தனையோ பேர் கடக்காமலே வீட்டுக்குப் போய்விடுகிறார்கள். ஊர்தான் அவர்களை முதல் படியிலேயே தண்டித்து முடித்துவிடுகிறது.

இதற்கெல்லாம் வெளியே நம் ஊரில் இன்னொரு வகைக் கைது உண்டு. அதைக் கல்யாண மண்டபக் கைது என்று சொல்லலாம்.

மறியல் என்றால் முதல் நாளே நிலையத்திலிருந்து கட்சிக்காரருக்குப் போன் போகும். "அண்ணே, நாளைக்கு எத்தினி பேரு வருவீங்க? சாப்பாடு சொல்லணும்." அவர் ஒரு எண்ணிக்கை சொல்வார். மாவட்டச் செயலாளரிடம் அதைவிடப் பெரிய எண்ணிக்கை சொல்லியிருப்பார். காலையில் சாலையில் உட்காருவார்கள், கோஷம் போடுவார்கள், போட்டோ எடுத்ததும் எழுந்து வரிசையாக வேனில் ஏறுவார்கள். சீட்டு கிடைக்காதவர்கள் எங்களிடம் கோபித்துக்கொள்வார்கள். முகூர்த்தம் இல்லாத மண்டபம் ஒன்றில் கொண்டுபோய் இறக்குவோம். முந்தின வாரக் கல்யாணத்தின் தெர்மோகோல் எழுத்துகள் மேடையில் அப்படியே இருக்கும். அதன் கீழே துண்டை விரித்துப் படுப்பார்கள். மதியம் சாம்பார் சாதம், தயிர் சாதம். அப்பளம் இல்லையென்றால் அதற்கு ஒரு கோஷம். சாயங்காலம் பெயர், தகப்பன் பெயர், ஊர், வயது எழுதிக்கொண்டு விட்டுவிடுவோம். மறுநாள் பேப்பரில் இத்தனை பேர் கைது என்று வரும். எல்லோருக்கும் திருப்தி.

ஒரு சிக்கல் மட்டும் உண்டு. கைதானவர்களின் எண்ணிக்கையைப் பகலிலேயே வயர்லெஸ் மைக்கில் மேலிடத்துக்குச் சொல்லிவிடுவோம். சாப்பிட்டு முடித்ததும் பாதிப் பேர் கொல்லைப்புறச் சுவர் ஏறி வீட்டுக்குப் போயிருப்பார்கள். சாயங்காலம் பெயர் எழுத உட்காரும் காவலரிடம், மைக்கில் சொன்ன எண்ணிக்கைக்கு ஆள் இருக்காது.

கொள்முதல் நிலையத்தில் நெல் மழையில் நனைந்ததற்காகச் செஞ்சி கூட்டுரோட்டில் நடந்த மறியலிலும் அதுதான் ஆனது. அன்று நான் வேறு நிலையத்தில் இருந்தேன். பெயர் எழுத உட்கார்ந்தவர் தனசேகர் என்ற காவலர். அவருக்குப் பெயர்கள் குறைந்தன. பக்கத்தில் நின்றவர் வல்லத்துக்கு அந்தப் பக்கம் ஒரு கிராமத்தின் கட்சிக் கிளைச் செயலாளர் ஏழுமலை. அவருக்கு மாவட்டத்திடம் சொன்ன ஆள் குறைந்தது. ஒருவர் குறையை இன்னொருவர் தீர்த்தார். ஏழுமலை சொல்லச் சொல்ல தனசேகர் எழுதினார். வெளியூரில் சித்தாள் வேலைக்குப் போனவர்கள், ஆஸ்பத்திரியில் படுத்திருந்தவர், கடைசியாக ஏழுமலையின் ஒரே மகள் சங்கீதா.

அந்தப் பெயர்களையெல்லாம் சேர்த்து, சட்டவிரோதமாகக் கூடினார்கள், வழி மறித்தார்கள் என்று ஒரு வழக்குப் பதிவாயிற்று. அதில் யாரும் குற்றப்பத்திரிகை போடவில்லை. மறியல் வழக்குக்கு யார் போடுகிறார்கள்? 'விசாரணையில் உள்ளது' என்ற நிலையில் அது சுகமாகப் படுத்துக்கொண்டது.

சில வருடங்கள் கழித்து நான் அந்த நிலையத்துக்கு ரைட்டராக வந்தேன். சங்கீதா தேர்வு எழுதி, இளநிலை உதவியாளர் வேலைக்குத் தேர்வாகியிருந்தாள். அந்தக் குடும்பத்தில் அரசாங்க வேலைக்குப் போகிற முதல் ஆள். ஏழுமலையின் தகப்பனார் கடைசி வரை அடுத்தவர் நிலத்தில் கடலை பிடுங்கியவர். வேலையில் சேருமுன் நடத்தைச் சரிபார்ப்புக்காக அவளுடைய விண்ணப்பம் எங்களிடம் வந்தது. 'எப்போதாவது கைது செய்யப்பட்டிருக்கிறீர்களா?' என்ற கேள்விக்கு 'இல்லை' என்று எழுதியிருந்தாள். 'குற்ற வழக்கு ஏதும் உள்ளதா?' என்பதற்கும் 'இல்லை'. கம்ப்யூட்டரில் பெயரைத் தட்டியதும் இரண்டுக்கும் 'ஆம்' என்று வந்தது.

அப்போது எங்களுக்கு இன்ஸ்பெக்டராக இருந்தவர் ஒரு அம்மா. குரல் உயர்த்திப் பேசி நான் கேட்டதில்லை. மேஜையில் எப்போதும் ஒரு தட்டு வறுத்த கடலை இருக்கும். எந்தக் காகிதத்தையும் தானே படிக்கமாட்டார். எழுதியவரே உரக்கப் படிக்க வேண்டும். நாம் படிக்கப் படிக்க அவர் கடலை உரிப்பார். எங்கே பொய் இருக்கிறதோ அங்கே உரிப்பது நின்றுவிடும். நாமும் நின்றுவிடுவோம். முடிவில் ஒரே கேள்வி: "இத கோர்ட்டுல நம்மள நிக்க வெச்சுக் கேட்டா இன்னா சொல்றது?" பதில் இருந்தால் தன் சொந்தப் பேனாவில் கையெழுத்துப் போடுவார். இல்லாவிட்டால் கடலைத் தோலைக் குப்பைக் கூடையில் தள்ளுவார். நம் காகிதமும் அங்கே போக வேண்டியதுதான் என்று பொருள்.

சரிபார்ப்பைப் படித்தேன். உரிப்பது நின்றது.

"இந்தப் பொண்ணுக்கு அப்ப இன்னா வயசு?"

"காலேஜ் படிச்சிருக்கும் மேடம்."

"அப்பாவோட வரச் சொல்லுங்க."

இருவரும் வந்தார்கள். ஏழுமலை கட்சிக்கரை வேட்டியில், பழகின இடத்துக்கு வருகிறவர் போல வந்தார். "ரைட்டர் சார், வணக்கம்! எஸ்.ஐ. சார் லீவா?" சங்கீதா வாசலிலேயே செருப்பைக் கழற்றிவிட்டாள். கோயிலுக்கும் ஆஸ்பத்திரிக்கும் வருகிறவர்கள்தான் அப்படிச் செய்வார்கள்.

வழக்கு விவரத்தைச் சொன்னேன்.

"கைதா? நானா? சார், இந்த ஸ்டேஷன் படி ஏறுறதே இன்னிக்குத்தான்."

மறியல் நடந்த தேதியைச் சொன்னேன்.

"அன்னிக்கு எனக்கு திண்டிவனத்துல செமஸ்டர் பரீட்சை சார்! நெல்லு நனைஞ்ச வாரந்தான? நல்லா ஞாபகம் இருக்குது. பஸ்ஸு சுத்திக்கினு போச்சு, ரோட்ட மறிச்சிட்டாங்கன்னு சொல்லி." பேசிக்கொண்டே தகப்பனைப் பார்த்தாள். "நைனா. மேல ஃபேன இன்னா பாத்துக்கினு இருக்க? என்னப் பாரு."

ஏழுமலை ஃபேனை விட்டுக் கீழே வந்தார். "பேருதானம்மா குடுத்தேன். உன்னியா குடுத்தேன்?"

"எதுக்குக் குடுத்த?"

"ஆளு கொறையுதுன்னு அவுங்களும் சொன்னாங்க, நம்மளுக்கும் கொறைஞ்சிது. ஒரு நல்ல காரியம். நம்ம வீட்டுப் பேரு ரெண்டா இருக்கட்டுமேன்னு..."

"கல்யாணப் பத்திரிகையா நைனா அது, வீட்டுப் பேரெல்லாம் போடறதுக்கு?"

இன்ஸ்பெக்டர் சிரிக்கவில்லை. என்னைப் பார்த்தார். ரைட்டர் ஒரு வழி சொல்ல வேண்டிய இடம் அது. சொன்னேன். இந்த வகைச் சிறு குற்றத்துக்கு ஒரு வருடத்துக்குள் குற்றப்பத்திரிகை போட வேண்டும், காலம் போய்விட்டது, இனிக் கொடுத்தாலும் நீதிமன்றம் எடுக்காது. மேல் நடவடிக்கை கைவிடப்பட்டது என்று இறுதி அறிக்கை கொடுத்தால் அத்தனை பேரும் வெளியே வந்துவிடுவார்கள். யார் மேலும் குற்றச்சாட்டு இருக்காது.

"சரி. அப்ப அரெஸ்ட்டு?"

"அது நடந்ததாவேதான் இருக்கும் மேடம்."

"கைதாகலன்னு இந்தப் பொண்ணு எழுதிக் குடுத்திருக்குதே."

"உண்மைய மறைச்சதா ஆயிடும்."

"ஆக, கேஸும் போயிடும், வேலையும் போயிடும்."

ஆமாம் என்று தலையாட்டினேன். எனக்குத் தெரிந்த சட்டம் முழுவதும் அந்தத் தலையாட்டலில் தீர்ந்துபோனது. குற்றச்சாட்டை நாங்கள் கைவிடலாம், நீதிமன்றம் தள்ளுபடி செய்யலாம். ஆனால் ஒரு கைதை யாராலும் வாபஸ் வாங்க முடியாது. நடந்தது என்று எழுதிவிட்டால், நடக்கவே இல்லை என்று நிரூபிப்பதைத் தவிர வேறு வழி கிடையாது.

"நான் வரலன்னு நானே எழுதித் தர்றேன் மேடம்" என்றாள் சங்கீதா.

"நீ எழுதுனா பத்தாதும்மா. நான் வரலன்னு யாரு வேணா சொல்லுவாங்க. பரீட்சை எழுதுனதுக்கு காலேஜ்ல சர்ட்டிபிகேட் வாங்கு. அதோட, பேரு குடுத்தவரு சொல்லணும். நான்தான் பொய்யா குடுத்தேன்னு."

ஏழுமலையின் முகத்தில் இருந்த கட்சிக்காரக் களை முதன்முறையாகக் கலைந்தது. "மேடம், அது எப்படி மேடம்? ஆள் கணக்குல பொய் சொன்னான்னு என் கையாலயே எழுதிக் குடுத்துட்டு நாளைக்கு மாவட்டத்து முன்னாடி எப்படி நிப்பேன்? எலெக்சன் வருது. கவுன்சிலருக்கு என் பேரத்தான் சொல்லிக்கினு இருக்காங்க."

"பேரு குடுக்குறதுல உங்களுக்குக் கூச்சம் கெடையாதுன்னு நெனைச்சேன்" என்றார் இன்ஸ்பெக்டர்.

சங்கீதா வெளியே போய்ச் செருப்பை மாட்டிக்கொண்டு, தகப்பனுக்காக நிற்காமல் பஸ் ஸ்டாண்டு பக்கம் நடந்தாள். ஏழுமலை கொஞ்ச நேரம் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். பிறகு யோசித்துச் சொல்கிறேன் என்று போய்விட்டார்.

சரிபார்ப்புக்கு ஊரில் விசாரிக்க வேண்டும் என்பது விதி. அதற்கு நானே போனேன். பஸ் நிறுத்தத்தில் பூக்கட்டிக்கொண்டிருந்த பெண்ணிடம், சங்கீதா எப்போதாவது கைதானதுண்டா என்று கேட்டேன்.

"அதுவா? ஜெயிலுக்கா? யாரு சார் உனக்குச் சொன்னது? அதுக்குக் காலைல பஸ்ஸப் புடிக்கவே நேரம் பத்தாது. அப்பன்தான் மாசத்துக்கு ஒருவாட்டி போலீஸ் வேன்ல ஏறிக்கினு திரியுறாரு."

பேசிக்கொண்டே அவள் காட்டிய திசையில் பார்த்தேன். சாலையைப் பார்த்த ஒரு நீளச் சுவர். ஆள் உயர எழுத்து, கட்சி நிறத்தில்: 'குடும்பத்துடன் சிறை சென்ற செயல்வீரர் ஏழுமலை அவர்களை வருக வருக என வரவேற்கிறோம்.' எந்த விழாவுக்கான வரவேற்போ தெரியவில்லை. விழா முடிந்து, சுவர் மட்டும் மிஞ்சியிருந்தது. திருவண்ணாமலைக்குப் போகிற ஒவ்வொரு பஸ்ஸும் அதைப் படித்துக்கொண்டு போகிறது.

நிலையத்துக்குத் திரும்பி இன்ஸ்பெக்டரிடம் சொன்னேன். கடலைத் தட்டைத் தள்ளி வைத்தார்.

"அந்தப் பொண்ணு வரலன்னு நாம கோர்ட்டுல ஒரு தாள் குடுப்போம். வந்துதுன்னு ரோட்டுல ஒரு சுவரு சொல்லும். யாராவது ஒருத்தன் போட்டோ எடுத்து அனுப்புனா, அதுக்கு இன்னா சொல்றது?"

இதை நானே ஏழுமலைக்குப் போனில் சொன்னேன். அவர் பக்கம் லாரி போகிற சத்தம் மட்டும் கேட்டது. "பாப்பா என்கிட்ட பேசுறதில்ல சார்" என்றார். வேறு ஏதோ கேட்கப் போகிறார் என்று காத்திருந்தேன். வைத்துவிட்டார்.

அடுத்த நாள் காலை வேட்டி சட்டை முழுக்கச் சுண்ணாம்புத் தெறிப்போடு வந்து நின்றார். கட்சிக்கரை வேட்டி இல்லை. "எழுதிக்கங்க சார்" என்றார். ஏன் மனம் மாறினார் என்று கேட்கவில்லை. வாக்குமூலத்தில் அதற்கு இடம் கிடையாது.

அவர் சொல்ல நான் எழுதினேன். தனசேகர் 'யார் பேரையாச்சும் சொல்லுய்யா' என்று கேட்டதாகச் சொன்ன இடத்தில் என் பேனா கொஞ்சம் தயங்கியது. போலீஸ்காரர் பெயர் வராமல் வாக்குமூலம் எழுதத் தெரியாதவர் ரைட்டராக நீடிக்க முடியாது. உரக்கப் படித்தபோது சரியாக அந்த இடத்தில் கடலை உரிப்பது நின்றது.

"கேட்டது யாரு? காத்தா? பேர எழுதுங்க."

எழுதினேன். ஏழுமலை கையெழுத்துப் போட்டுவிட்டு இரண்டு கையையும் முன்னால் நீட்டிக்கொண்டு நின்றார்.

"போலீஸ்கிட்ட பொய் சொன்னா தப்புதான மேடம்? அப்ப என்னிய இப்ப அரெஸ்ட் பண்ணுவீங்களா?"

"இதுக்கு அரெஸ்ட்டு தேவையில்ல. விசாரிச்சுட்டுக் கோர்ட்டுக்கு எழுதுவோம். அவுங்க இன்னா சொல்றாங்களோ அதான். போங்க."

அவர் முகத்தில் ஓர் ஏமாற்றம் தெரிந்ததாகவே எனக்குப் பட்டது. ஒவ்வொரு மறியலுக்கும் மண்டபத்தில் கைதாகிச் சாப்பிட்டவரை, உண்மையாகவே ஒரு தப்பைச் செய்து ஒப்புக்கொண்ட அன்று யாரும் கைது செய்யவில்லை.

கல்லூரிச் சான்றும் வாக்குமூலமும் சேர்த்து இறுதி அறிக்கை நீதிமன்றத்துக்குப் போனது. சங்கீதா சம்பவ இடத்திலேயே இல்லை, அவள் கைது செய்யப்படவில்லை, பெயர் தவறாகச் சேர்க்கப்பட்டது. மற்றவர்கள் மீது காலம் கடந்ததால் மேல் நடவடிக்கை கைவிடப்பட்டது. நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. ஏழுமலை பொய்ப்பெயர் கொடுத்ததற்கும் காலம் கடந்திருந்ததால் எச்சரிக்கையோடு விட்டார்கள். தனசேகர் அப்போது மேல்மலையனூர் அமாவாசைக் கூட்டத்துக்குக் கயிறு கட்டிக்கொண்டிருந்தாராம். அங்கேயே அவருக்குத் துறையின் குற்றச்சாட்டுக் குறிப்பாணை கொடுக்கப்பட்டது. துறை நடவடிக்கைக்கு அந்தக் காலவரம்பு கிடையாது. கைதானவர்கள் யார் மேலும் குற்றச்சாட்டு இல்லை. கைதே ஆகாமல் குற்றச்சாட்டு வாங்கியவர் எங்கள் ஆள் ஒருவர்தான். இரண்டும் வேறு வேறு என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் என் பணிக்காலத்தில் எனக்குக் கிடைக்கவில்லை.

சரிபார்ப்பில் இரண்டு 'இல்லை'களும் உண்மை என்று எழுதி அனுப்பினோம். நியமன ஆணை வந்ததும் சங்கீதா நிலையத்துக்கு வந்தாள். இந்த முறை செருப்பைக் கழற்றவில்லை. இனிப்பு கொண்டுவரவில்லை, நன்றியும் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய அவசியமும் இல்லை. ஒரு சந்தேகம் மட்டும் கேட்டாள்.

"சார், நான் கைதாகலன்னு சொல்றதுக்கு இத்தினி தாளு, இத்தினி கையெழுத்து. நெசமாவே கைதாகியிருந்தா?"

"ரெண்டு தாள்ல முடிஞ்சிருக்கும்" என்றேன்.

உள்ளேயிருந்து இன்ஸ்பெக்டர் சிரித்தார். அவர் சிரித்து நான் கேட்டது அந்த ஒரு தடவைதான்.

மாடி வீட்டுக்காரருக்கு இதையெல்லாம் சொல்லி முடித்தபோது அவர் நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். "அதெல்லாம் சரி சார்" என்றார். "பையனுக்குக் குடுக்கலாமா?" கேஸ் என்ன ஆயிற்று என்று பையனையே கேளுங்கள், சொல்லுகிற விதத்திலேயே தெரிந்துவிடும் என்றேன். அவர் இன்னும் கேட்கவில்லை. வீடு இன்னும் காலியாக இருக்கிறது.

போன வாரம் ஒரு கல்யாணத்துக்காக வல்லம் பக்கம் போனேன். அந்தச் சுவரின் அருகே பஸ் நின்றது. 'சிறை சென்ற செயல்வீரர்' அப்படியே இருக்கிறது. அவருக்குக் கவுன்சிலர் சீட்டு கிடைக்கவில்லை, ஆனால் பட்டம் போகவில்லை. 'குடும்பத்துடன்' இருந்த இடத்தில் மட்டும் வெள்ளைப் பட்டை. மழைக்குச் சுண்ணாம்பு கரைந்து அந்தச் சொல் உள்ளேயிருந்து லேசாகத் தெரிந்தது. ஒரு ஸ்டூலின் மேல் ஏழுமலை நின்றுகொண்டிருந்தார். கையில் சுண்ணாம்பு மட்டை, கீழே வாளி.

ஜன்னல் வழியாகக் கூப்பிட்டேன். "இன்னா ஏழுமலை, இன்னுமா பூசுறீங்க?"

"மழை பெய்ஞ்சா தெரியுது சார்" என்றார், சுவரை விட்டுத் திரும்பாமல். "நாளைக்கு பாப்பா லீவுல வருது."